யுத்தத்தால் பாழான நாட்டில் கிராமப் புனருத்தாரணம்

(விவசாய இலாகா டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

ஒரு கிராமத்தில் வாய்க்கால் தூர்ந்துபோனால் அதை மீண்டும் சீர்ப்படுத்துவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது பணம், இரண்டாவது ஆள், மூன்றாவது, இன்ன வேலையை இன்னார் பொறுப்பில் இன்ன முறையாகச் செய்வது என்று ஊரார் கூடித் தீர்மானிப்பதற்குரிய ஓர் ஏற்பாடு. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத இடங்களில் வேலை பாதியில் நின்றதையும், முடிந்த வேலை பழுது பார்ப்பாரின்றிக் கெட்டதையும் நம்மில் அநேகர் கண்டிருக்கலாம். இருபது வருஷங்களுக்கு மேல் யுத்தம் நடந்து பாழான ஒரு தேசத்தில், இம்மூன்றாவது விஷயத்தையே முன்வைத்துப் புனருத்தாரண வேலை தொடங்கப்பட்டது. அத்தேசம் ஆப்கானிஸ்தானம். 2003ஆம் வருஷம் முதல் அங்கு நடைபெற்ற கிராம சபை ஏற்பாட்டின் விவரங்களையும், அது எவ்விடத்தில் பலன் தந்தது, எவ்விடத்தில் தரவில்லை என்பதையும் அறிதல், நிலமுடைய விவசாயிகளுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் உபயோகமாகுமாதலின் அவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

தேசத்தின் இயல்பும் பாசன முறையும்

ஆப்கானிஸ்தானம் மலைகள் மிகுந்த வறண்ட தேசம். அங்கு மழை சொற்பம். ஹிந்து குஷ் மலைத்தொடரில் குளிர்காலத்தில் விழும் பனி, வசந்தகாலத்திலும் கோடையிலும் உருகி ஆறுகளில் இறங்குகிறது. அந்நீரைக் கொண்டே பெரும்பாலான சாகுபடி நடைபெறுகிறது. கோதுமை முக்கியப் பயிர். திராட்சை, மாதுளை, வாதுமை, சீமை வாதுமைப்பழம் முதலியவற்றின் தோட்டங்கள் பள்ளத்தாக்குகளில் மிகுதி. காந்தஹார் மாதுளையும், காபூலுக்கு வடக்கிலுள்ள ஷொமாலிச் சமவெளியின் திராட்சையும் பேர்பெற்றவை.

ஆற்று வாய்க்கால்களையன்றிக் 'காரேஸ்' என்னும் சுரங்கக் கால்களும் அங்குண்டு. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் உள்ள இடத்தில் தாய்க்கிணறு ஒன்று தோண்டி, அங்கிருந்து வயல் மட்டம் வரையில் மிகக் குறைந்த சரிவில் சுரங்கம் வெட்டி, மண் எடுப்பதற்கும் காற்றுப் புகுவதற்கும் இடையிடையே குழிக்கிணறுகள் இறக்கி, ஏற்றமின்றி நீர் தானாகவே வெளிப்போந்து பாயும்படி செய்வர். இச்சுரங்கங்களை வருஷந்தோறும் தூர் வாராவிடில் மண் சரிந்து நீரோட்டம் அடைபடும்.

நீரைப் பங்கிடுவதற்கு 'மீராப்' என்பவர் ஒருவர் உண்டு. அவரைப் பாசனக்காரர்களே தெரிந்தெடுத்து, அறுவடையில் தானியமாகக் கூலி கொடுப்பர். நமது ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டிக்கு உரிய வேலையும் அதற்கு மேற்பட்ட அதிகாரமும் அவருக்குண்டு. வாய்க்கால் வாருவதற்குக் குடும்பந்தோறும் ஆள் அனுப்பும் வழக்கத்துக்கு 'ஹஷர்' என்று பெயர். இது நம் நாட்டுக் குடிமராமத்தை ஒத்தது. இவ்விதமாக, சர்க்காரின் கை எட்டாத மலைக் கிராமங்களிலும் நீர் நிர்வாகம் ஊராராலேயே நெடுங்காலமாக நடைபெற்று வந்தது.

யுத்தத்தால் நேர்ந்த சேதம்

1979ஆம் வருஷம் டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தது. 1989ஆம் வருஷம் பிப்ரவரியில் வெளியேறியது. அதன்பின் உள்நாட்டு யுத்தம் தொடர்ந்தது. 1996இல் தாலிபான் கட்சியார் காபூலைக் கைப்பற்றினர். 2001ஆம் வருஷக் கடைசியில் அவர்களுடைய ஆட்சி வீழ்ந்தது. இந்த இருபத்திரண்டு வருஷ காலத்தில் பல லட்சம் ஜனங்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகச் சென்றனர். 1999இல் ஷொமாலிச் சமவெளியில் வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் எரிக்கப்பட்டன; நீர்க்கால்கள் இடிக்கப்பட்டன. வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தமையால் மண்வெட்டி போடவே ஜனங்கள் அஞ்சினர். 1990ஆம் வருஷங்களின் இறுதியில் தோன்றி 2001 வரை நீடித்த கடும் வறட்சியும் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

ஆட்சி மாறியபின் 2002ஆம் வருஷத்தில் மட்டும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் தாயகம் திரும்பினர். திரும்பியவர்கள் கண்டது தூர்ந்த காரேஸும், இடிந்த வீடும், வெட்டுண்ட மரங்களுமே. இவற்றினும் பெரிதான சேதம் ஒன்றும் உண்டு. 'மாலிக்', 'அர்பாப்' என்று அழைக்கப்பெறும் ஊர்த்தலைவர்கள் முன்னாளில் ஊருக்கும் சர்க்காருக்கும் இடையில் நின்று காரியங்களை நடத்தி வந்தனர். யுத்த காலத்தில் பல இடங்களில் ஆயுதந் தாங்கிய படைத்தலைவர்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே, ஊருக்கு வரும் உதவியை யார் பெற்று யாருக்குக் கொடுப்பது என்பதில் ஜனங்களுக்கு நம்பிக்கை குன்றியிருந்தது. சர்க்கார் என்பது ஒன்று உண்டு என்பதையே பல கிராமத்தார் பல வருஷங்களாக உணர்ந்ததில்லை.

புதிய ஏற்பாட்டின் தோற்றம்

இந்நிலையில் புதிய சர்க்காரின் முன் மூன்று வழிகள் இருந்தன. காபூலிலிருந்து இஞ்சினீயர்களையும் காண்டிராக்டர்களையும் அனுப்பி வேலைகளைச் செய்வித்தல் ஒன்று. அந்நிய தரும ஸ்தாபனங்கள் தமக்குத் தோன்றிய வேலைகளைத் தமக்குத் தோன்றிய கிராமங்களில் செய்யும்படி விடுதல் மற்றொன்று. பணத்தைக் கிராமத்தார் கையிலேயே கொடுத்து, வேலையைத் தெரிந்தெடுக்கும் உரிமையையும் அவர்களுக்கே அளித்தல் மூன்றாவது. சர்க்கார் மூன்றாவது வழியைக் கைக்கொண்டது.

இந்தோனேஷியாவில் 1998ஆம் வருஷம் இதையொத்த ஒரு திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் அனுபவம் ஆப்கானிஸ்தானத்துக்கு வழிகாட்டியாயிற்று. அப்போது நிதி மந்திரியாயிருந்த அஷ்ரஃப் கனி, கிராமப் புனருத்தாரண மந்திரியாயிருந்த ஹனீஃப் அத்மர் ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். உலக பாங்கும் பல தேசத்துச் சர்க்கார்களும் பொருளுதவி செய்தன. திட்டத்துக்கு 'ஹம்பஸ்தகி மில்லி', அதாவது தேசிய ஒற்றுமைத் திட்டம், என்று பெயரிட்டனர். பின்வந்த வருஷங்களில் அத்தேசத்தின் 34 மாகாணங்களிலுமாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிராம அபிவிருத்திச் சபைகள் இதன்கீழ் அமைந்தன.

சபை அமைந்த விதம்

சர்க்காரிடம் ஒவ்வொரு கிராமத்துக்கும் அனுப்பப் போதிய சிப்பந்திகள் இல்லை. ஆதலால் சுமார் முப்பது ஸ்தாபனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவற்றின் ஆட்களைக் கிராமங்களுக்கு அனுப்பினர். அவர்களுடைய கடமை, சபை அமைப்பதையும் கணக்கு வைப்பதையும் ஊராருக்குக் கற்பித்து, வேலைகளின் அளவு மதிப்பீட்டுக்கு வேண்டிய இஞ்சினீயர் உதவியை அளிப்பதாகும். வேலையைத் தெரிந்தெடுப்பது அவர்கள் கடமையன்று. எம்மைப்போன்ற டிமான்ஸ்டிரேட்டர்கள் ஒரு கிராமத்தில் விதையும் முறையும் காட்டி, செய்வதையும் செய்யாததையும் நிலத்துக்குரியவர் விருப்பத்துக்கு விடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

கிராமத்தைச் சில குடும்பங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவராக வயது வந்தோர் யாவரும் இரகசியச் சீட்டின் மூலம் அங்கத்தினர்களைத் தெரிந்தெடுத்தனர். சபைக்குத் தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என நால்வர் இருந்தனர். ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் கூடுதல் வழக்கமில்லாத ஊர்களில், பெண்கள் தனியே கூடித் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கவும், தங்கள் தேவைகளை எழுதிக்கொடுக்கவும் இடமளிக்கப்பட்டது. குடிநீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமேயாகையால், கிணறு எவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்பதில் அவர்கள் சொல் அவசியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பணம் வழங்கிய முறை

மானியத்தின் அளவு யாவரும் கணக்கிடத்தக்க எளிய விதியால் நிர்ணயிக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு 200 அமெரிக்க டாலர். ஒரு கிராமத்துக்கு மிஞ்சினால் 60,000 டாலர். ஆகவே 150 குடும்பங்கள் உள்ள கிராமத்துக்கு 30,000 டாலர் கிடைக்கும். 400 குடும்பங்கள் உள்ள கிராமத்துக்கு விதிப்படி 80,000 டாலர் வரவேண்டியிருப்பினும், உச்ச வரம்பை முன்னிட்டு 60,000 டாலரே கிடைக்கும். இவ்விதியின் சிறப்பு யாதெனில், தங்கள் ஊருக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை எழுத்தறியாத குடியானவனும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். நடுவில் எவரேனும் குறைத்துச் சொன்னால் அது உடனே வெளிப்படும்.

வேலையின் மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் ஊரார் தம் பங்காகப் பணமாகவோ, கல், மரம் முதலிய சாமான்களாகவோ, உடலுழைப்பாகவோ அளிக்கவேண்டும். ஹஷர் வழக்கம் முன்னமே இருந்தமையால் உழைப்பைக் கொடுப்பது அவர்களுக்குப் புதிதன்று. சபையார் முதலில் கிராம அபிவிருத்தித் திட்டம் ஒன்றை எழுதி, தேவைகளை முக்கியத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்தி, வேலையின் மதிப்பீட்டுடன் அனுப்பி அனுமதி பெறவேண்டும். அதன்பின் சபையின் பெயரிலுள்ள கணக்கில் பணம் தவணைகளாகச் சேரும். வரவு செலவுகளை ஊரார் அறியும்படி பகிரங்கப்படுத்துவதும், முடிந்த வேலையைப் பராமரிப்பதும் சபையின் பொறுப்பாகும்.

எடுத்துக்கொண்ட வேலைகளில் குடிநீர்க் கிணறு, கைப்பம்பு, வாய்க்கால் திருத்தம், மதகு, காரேஸ் தூர் வாருதல், கிராமப் பாதை, சிறு பாலம், மலையோடைகளில் நீரால் இயங்கும் சிறு மின்சார யந்திரம், பள்ளிக்கூடக் கட்டிடம் ஆகியவை முக்கியமானவை. பெண்களுக்குத் தையல் முதலிய கைத்தொழில் கற்பித்தலும் சில ஊர்களில் உண்டு.

பலனை அளந்தறிந்த விதம்

ஒரு புதிய விதையின் குணத்தை அறிய வேண்டுமாயின், அதை விதைத்த பாத்தியைமட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. பக்கத்தில் அதே மண்ணில், அதே நீரில், பழைய விதையை விதைத்த பாத்தி ஒன்றும் இருத்தல் வேண்டும். எப்பாத்திக்கு எவ்விதை என்பதையும் விவசாயி தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளாமல் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தல் நலம். இவ்வுபாயத்தையே ஆப்கானிஸ்தானத்துக் கிராமங்களில் கையாண்டனர். ஆண்ட்ரூ பீத், ஃபோட்டினி கிறிஸ்டியா, ரூபன் எனிகலோபோவ் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள், 10 ஜில்லாக்களில் 500 கிராமங்களை எடுத்துக்கொண்டனர். அவற்றில் சீட்டு விழுந்த 250 கிராமங்களில் 2007ஆம் வருஷம் சபையும் மானியமும் தொடங்கின. மற்ற 250 கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பின்னர் சேர்க்கப்படும்படி நிறுத்திவைக்கப்பட்டன. இவ்வளவு பெரிய அளவில் கிராம நிர்வாக முறையைப் பரீக்ஷித்துப் பார்த்தது அபூர்வமாகும்.

குடிநீர் விஷயத்திலும் மின்சார விஷயத்திலும் நல்ல பலன் காணப்பட்டது. சபையுள்ள கிராமங்களில் சுத்தமான நீர் எடுப்போர் தொகையும் மின்விளக்கு உள்ள வீடுகளின் தொகையும் கூடின. பெண்கள் வெளியே சென்று வருதலும், வருவாய் தரும் தொழில் செய்தலும், பொதுக் காரியங்களில் கலந்துகொள்ளுதலும் ஓரளவு அதிகரித்தன. ஆயினும் குடும்பத்துக்குள் தீர்மானம் செய்யும் உரிமையில் மாறுதல் காணப்படவில்லை. சர்க்காரைப்பற்றி ஜனங்களுக்கு இருந்த அபிப்பிராயம் பெரும்பாலான இடங்களில் சிறந்தது; பாகிஸ்தான் எல்லையையடுத்த கீழ்ப்பகுதி ஜில்லாக்களில் அவ்விதம் சிறக்கவில்லை. வேலை நடக்கும்போது காணப்பட்ட திருப்தி, மானியம் செலவாகி முடிந்தபின் பெருமளவு குறைந்துவிட்டது என்பதும் தெரியவந்தது.

விவசாயிகளாகிய நாம் முக்கியமாகக் கவனிக்கற்பாலது வேறொன்று. வாய்க்கால் வேலைகளாலும் பாதை வேலைகளாலும் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. பாசனமே ஜீவாதாரமான தேசத்தில் இவ்வாறு நேர்ந்ததேன் என்று வினவுதல் இயல்பு. எமக்குத் தோன்றும் காரணம் வருமாறு: கிணறு ஓர் ஊருக்குள் அடங்குவது, அதைத் தோண்டுவாரும், உபயோகிப்பாரும், பழுது பார்ப்பாரும் ஒருவரே. வாய்க்காலோ அவ்விதமன்று. தலைமடை ஓர் ஊரிலும் கடைமடை மற்றோர் ஊரிலும் இருக்கும். நடுவில் உள்ள கிராமம் ஒன்று தனக்கு வந்த மானியத்தைக்கொண்டு தன் எல்லைக்குள் அரைமைல் தூரத்துக்குக் கரை கட்டினாலும், மேலே ஆற்று அணை உடைந்திருந்தால் அதில் நீர் வாராது. நீர் வந்து அதிகம் எடுத்துக்கொண்டால் கீழே உள்ளவருக்குக் குறையும். ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த மானியம், பல ஊர்களைத் தழுவிய வாய்க்காலுக்குப் பொருந்தாமற்போனதில் வியப்பில்லை. பாதையின் நிலைமையும் இதுவே. பக்கத்து ஊரில் பாலம் இல்லையேல் நம் ஊரில் போட்ட சாலை சந்தைக்குப் போய்ச் சேராது.

வேலையைத் தெரிந்தெடுத்தல்

எந்த வேலையைச் செய்வது என்பதைத் தீர்மானிப்பதிலும் இருவித முறைகளைச் சீட்டுப்போட்டுப் பரீக்ஷித்தனர். சில கிராமங்களில் ஊரார் கூடிப் பேசி முடிவு செய்தனர். மற்றக் கிராமங்களில் ஒவ்வொருவரும் இரகசியச் சீட்டின் மூலம் தமக்கு வேண்டிய வேலையைக் குறித்தனர். கூடிப் பேசிய ஊர்களில் செல்வாக்குள்ளவர் விரும்பிய வேலைகள் அதிகமாக மேலெழுந்தன. இரகசியச் சீட்டுப் போட்ட ஊர்களில் அவர்களுடைய செல்வாக்குக் குறைந்ததோடு, ஜனங்களின் திருப்தியும் அதிகரித்தது.

இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. கூட்டத்தில் பெரிய நிலச்சுவான்தார் எழுந்து, 'முதலில் மேலண்டை வாய்க்கால்' என்று சொன்னால், அவரிடம் குத்தகைக்கு உழுபவனும், விதை நெல்லுக்குக் கடன்பட்டவனும் மறுத்துப் பேசுவது எங்ஙனம்? வாய்திறவாதவனை இசைந்தவனாகக் கணக்கிடுவது கூட்டத்தின் இயல்பான குறையாகும். நிலமுடையோர் இதைத் தங்களுக்குப் பாதகமாகக் கொள்ளவேண்டுவதில்லை. ஊரார் மனமார இசைந்த வேலைக்கு ஆளும் கூலியும் தட்டின்றி வரும். பழுதானால் பார்ப்பாரும் உளராவர்.

அங்கத்தினர் தேர்தலிலும் ஒரு வேற்றுமை காணப்பட்டது. பகுதி பகுதியாகத் தெரிந்தெடுத்த ஊர்களைவிட, கிராமம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தெரிந்தெடுத்த ஊர்களில் அதிகக் கல்வியுள்ளோரும் மிதமான கொள்கையுள்ளோரும் சபைக்கு வந்தனர். பகுதித் தேர்தலில் ஒவ்வொரு தெருவும் தனக்காக வாதாடுபவரையே நாடுகிறது. முழு ஊர்த் தேர்தலில் எல்லாத் தெருவாருக்கும் ஏற்றவரே வெல்லக்கூடும். எனினும், சிறு தெருவார் முற்றிலும் விடுபட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியமே.

தானியம் பங்கிட்டதில் அறிந்தது

இப்பரீக்ஷையின் பிற்பகுதியில் அக்கிராமங்களுக்கு உணவு உதவி வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவேண்டிய அவ்வுதவி யார் கையால் எவ்விதம் பங்கிடப்பட்டது என்பதை ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தறிந்தனர். இதுவே இத்திட்டத்தினின்று நாம் கற்கும் பாடங்களில் மிக முக்கியமானது என்பது எம் கருத்து.

தெரிந்தெடுக்கப்பட்ட சபை இருந்து, பங்கீட்டின் பொறுப்பும் அச்சபைக்கே கொடுக்கப்பட்ட ஊர்களில், உதவி உரியவருக்குச் சேர்ந்த அளவு மேம்பட்டது. ஆனால், சபையும் இருந்து, பழைய ஊர்ப் பெரியவர்களும் இருந்து, பொறுப்பு இன்னாருடையது என்று குறிப்பிடாமல் விட்ட ஊர்களில், கையாடல் முன்னிலும் அதிகமாயிற்று. தீர்மானத்தில் ஊராரின் பங்கும் குறைந்தது. பெண்கள் ஊர்ப் பெரியவர்களுடன் சேர்ந்து பங்கீட்டை நடத்தவேண்டும் என்று விதித்த இடங்களிலும் கையாடல் கூடிற்று. இதைப் பெண்களின் குறையென்று கொள்வது தவறு. அதிகாரம் இருசாராருக்கும் பொதுவாகி, எவரும் முழுப் பொறுப்பாளி ஆகாமற்போனதன் விளைவென்றே ஆராய்ச்சியாளர்கள் விளக்கினர்.

ஒரு வயலில் இரண்டு மதகுகளிலிருந்து நீர் திறந்தால், பயிர் முழுகியபின் எம்மதகுக்காரர் மீது குற்றம் சாட்டுவது? அவ்வாறே, பழைய அதிகாரத்தைக் களையாமலும் புதிய அதிகாரத்தை வரையறுக்காமலும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரண்டிற்கும் இடையேயுள்ள சந்தில் பொதுச்சொத்து ஒழுகிப்போகிறது. ஊர்த்தலைவர்கள் மோசமானவர்கள் என்றோ, தேர்தலில் வந்தவர்கள் உத்தமர்கள் என்றோ இதற்குப் பொருளன்று. சாவி எவரிடம் இருக்கிறது என்பது ஊரறிய விளங்கவேண்டும் என்பதே இதன் பொருள். மானியம் தீர்ந்தபின் சபையின் அதிகாரம் என்ன என்பது பல வருஷங்கள் வரையில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அதனால் வேலை முடிந்த பின்னர் பல ஊர்களில் சபைக்கும் பெரியவர்களுக்கும் இடையே காரியம் மயங்கி நின்றது.

பின்னர் நடந்தது

2016ஆம் வருஷத்தில் முந்திய திட்டத்துக்குப் பதிலாகக் குடிமக்கள் சாசனத் திட்டம் என்பது தொடங்கப்பட்டது. அபிவிருத்திச் சபைகள் நிலைத்து நின்று, குடிநீர், பாதை அல்லது மின்சாரம் அல்லது சிறு பாசனம், ஆரம்பக் கல்வி, வைத்தியம் ஆகிய குறைந்தபட்ச வசதிகள் ஊருக்குக் கிடைத்தனவா என்று கவனிப்பதும் அவற்றின் கடமையாயிற்று. பல சபைகளைச் சேர்த்துக் கூட்டுச் சபைகளும் அமைத்தனர். ஒரே ஊருக்குள் அடங்காத வேலைகளுக்கு இது வழிசெய்யக்கூடியது.

2021ஆம் வருஷம் ஆகஸ்டில் தாலிபான் கட்சியார் மீண்டும் காபூலைக் கைப்பற்றினர். சர்க்கார் மூலமாக அந்நிய தேசங்களிலிருந்து வந்த பணம் நின்றது. பின்னர் 2022இல் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் வழியாக உலக பாங்கின் உதவி வேறு பெயரில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டபோது, வேலை நடத்துவதற்கு முன்னிருந்த அபிவிருத்திச் சபைகளையே நாடவேண்டியிருந்தது. காபூலில் ஆட்சி கவிழ்ந்தபோதும், கணக்கு எழுதவும் கூட்டம் கூட்டவும் பழகிய மனிதர்கள் கிராமங்களில் இருந்தனர் என்பது இதனால் விளங்கும். ஆயினும், மேலிருந்து சட்டத்தின் ஆதரவும் நிலையான வருவாயும் இல்லாத சபை தானே நெடுங்காலம் நிலைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அந்நியர் பணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு, அப்பணம் நின்ற நாளில் ஆட்டங்காணும்.

கவனத்தில் கொள்ள வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து கிராமப் பொதுவேலைகளில் ஈடுபடும் விவசாயிகளும் உத்தியோகஸ்தர்களும் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

1. பணம் வருவதற்கு முன்பே, அதை வைத்திருப்பவர் யார், செலவிட அனுமதிப்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்பவற்றை எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே காரியத்துக்கு இரண்டு சாவிகள் கூடா.

2. ஊருக்கு வரவேண்டிய தொகையைக் குடும்பக் கணக்கு, ஏக்கர் கணக்கு போன்ற எளிய விதியால் யாவரும் அறியும்படி செய்தால், இடையில் குறைவதற்கு இடமிராது.

3. ஓர் ஊருக்குள் அடங்கும் வேலையை அவ்வூர்ச் சபையே நடத்தலாம். பல ஊர்களுக்குப் பொதுவான வாய்க்கால் வேலையைத் தலைமடை முதல் கடைமடை வரை உள்ள ஆயக்கட்டுதாரர் யாவரையும் கூட்டி ஒரே வேலையாக நடத்தவேண்டும். துண்டு துண்டாகச் செய்தால் செலவுக்கேற்ற பலன் இராது.

4. வேலைகளின் முக்கியத்துவத்தைப்பற்றிக் கூட்டத்தில் பேசலாம். ஆனால் முடிவை இரகசியச் சீட்டுக்கு விடுதல் நன்று. கடைமடைக்காரர், குத்தகைக்காரர், பெண்கள் ஆகியோரின் விருப்பம் அப்போதே வெளிப்படும்.

5. வேலை முடியும் நாளன்றே பழுது பார்ப்பதற்குரிய நிதியும், அதைப் பார்க்கும் ஆளும் ஏற்பட்டிருக்க வேண்டும். கைப்பம்பின் தோல் வளையம் தேய்ந்தால் அதை மாற்றுவது யார் என்பது பம்பு இறக்கும்போதே தீர்மானிக்கற்பாலது.

6. உத்தியோகஸ்தர்கள் அளவும் மதிப்பீடும் யுக்தியும் அளித்தல் வேண்டும்; வேலையைத் தெரிந்தெடுத்தலை ஊராருக்கு விட்டுவிடவேண்டும்.

இவற்றுள் முதலாவதாகக் கூறியதே மற்ற எல்லாவற்றிற்கும் ஆதாரமாகும். கண்ணிவெடி பொறுக்கி, தூர்ந்த சுரங்கத்தைத் தோண்டி, வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கிய ஜனங்கள், பொறுப்பு விளங்கிய இடத்தில் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள் என்பது அப்பரீக்ஷையினால் வெளிப்பட்டது. பொதுவேலை ஒன்றுக்கு ஊரார் அடுத்த முறை கூடும்போது, வேலையின் மதிப்பீட்டை வாசிப்பதற்கு முன்பாகவே, சாவி இன்னாரிடம், கணக்கு இன்னாரிடம், தணிக்கை இன்னாரால் என்று மூன்று வரிகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூடியுள்ளோர் முன்னிலையில் உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்குவார்களாக.